பக்கத்து வீட்டுக்காரர்

என் குரல் என்னுடையது இல்லை என்று நானே ஒரு முறை சாட்சி சொல்லியிருக்கிறேன். யாரும் மிரட்டவில்லை. ஒரு பெண் கேட்டார், சொன்னேன். அதோடு என் மறுமணப் பேச்சு முடிந்தது.

அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி போய் ஆறு வருடம் நான்கு மாதம். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். (எண்ணுவது மட்டும் ஓயவில்லை. எங்கள் மாடிப்படி பதினேழு, அதில் மூன்று ஆடும்.) மகள் செல்விதான் மறுமண இணையதளம் ஒன்றில் என்னைப் பதிந்தாள். "தனியா குந்திகினு இன்னாத்த நைனா எண்ணிகினு கீற? ஒரு ஆளத் தேடு" என்றாள்.

கிடைத்தவர் வசந்தா. மீஞ்சூரில் பள்ளி ஆசிரியை, கணவரை இழந்தவர். 'பேச்சில் பண்பு வேண்டும்' என்று போட்டிருந்தார். அந்த ஒரு வரியில் நான் கவிழ்ந்தேன். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 'தங்கள் மடல் கண்டு மகிழ்ந்தேன்' என்று எழுத ஆரம்பித்தேன். நாற்பத்தொரு நாள், இருநூற்றுப் பன்னிரண்டு மடல். ஒன்றில்கூட ஒரு 'கீது' கிடையாது.

நாற்பத்திரண்டாம் நாள், 'உங்கள் குரலைக் கேட்க வேண்டும்' என்று எழுதினார். போனில் ஒன்பது முறை பதிந்து ஒன்பதையும் அழித்தேன். எல்லாமே இரங்கல் கூட்டத்தில் பேசியது போல இருந்தது. பத்தாவது முறை, "அன்புள்ள வசந்தா அவர்களுக்கு வணக்கம்" வரை நன்றாகவே வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் லாரி பின்பக்கமாகவே எங்கள் தெருவுக்குள் வந்து என் ஸ்கூட்டர்மேல் ஏறப் பார்த்தது.

"யோவ், கண்ணு பொடனிலயா கீது? என் வண்டிய நசுக்கிட்டுதான் நாஷ்டா துன்னப் போறியா? நிறுத்துய்யா, கஸ்மாலம்."

கையை ஆட்டுவதற்காகப் பொத்தானை விட்டேன். விட்டால் உடனே போய்விடும் என்று செல்வி நான்கு முறை சொல்லியிருந்தாள். பத்தொன்பது விநாடிப் பதிவு. நான் அழிப்பதற்குள் இரண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டன.

'வணக்கத்துக்குப் பிறகு பேசியது யார்?' என்று கேட்டார்.

'பக்கத்து வீட்டுக்காரர். சற்று முரடர்' என்று எழுதினேன். (எங்கள் பக்கத்து வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது.)

அடுத்த ஞாயிறு காலை மீஞ்சூர் ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சில் சந்தித்தோம். நான் மேடைத் தமிழில் வெயிலைப் பற்றி ஏழு வாக்கியம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்றார்.

"நலமாக உள்ளார்."

"நான் பொறந்தது கொருக்குப்பேட்டை. எங்கப்பாவுக்கு அச்சு அசலா அதே பேச்சு. எட்டு தடவை போட்டுக் கேட்டேன். நான் சிரிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, நானே சொல்லட்டும் என்று காத்திருக்கிறார் என்பது ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"அவருடன் எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை" என்றேன்.

என் ரயில் வந்தது. பன்னிரண்டு பெட்டி. எண்ணி முடித்துத் திரும்பினால் பெஞ்சு காலி.

வீட்டுக்கு வந்து உண்மையை ஒப்புக்கொண்டு நீளமாக எழுதினேன். (அதிலும் 'தங்கள்' பதினான்கு இடத்தில்.) ஒரே வரியில் பதில் வந்தது: 'சொந்தக் கொரலயே பக்கத்து வூட்டுக்காரன்துன்னு சொன்ன ஆளு, நாளிக்கு என்னிய யாருன்னு சொல்லுவ?'

அவர் எனக்கு எழுதிய முதல் 'வூடு' அதுதான். கடைசியும் அதுதான்.

ஐந்து வருடம் ஆகிறது. அந்தப் பதிலை செல்வியிடம் காட்டியது என் இரண்டாவது தவறு. தினமும் மத்தியானம் எண்ணூரிலிருந்து போன் செய்வாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க மாட்டாள்.

"நைனா, பக்கத்து வூட்டுக்காரரு துன்னாரா?"

"துன்னாரும்மா" என்பேன். "தனியாத்தான்."