தேர் திரும்பும் இடம்

ஸ்தனிஸ்லாசுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. முப்பத்தைந்து வருடம் கல்லும் கலவையும் சுமந்த இடுப்பு. கூலிக்குச் செய்த வேலையில் ஒருநாளும் இப்படி மக்கர் பண்ணியதில்லை. புண்ணியத்துக்குச் செய்கிற வேலையில்தான் மடங்கிக்கொண்டது.

அவன் குழிக்குள் நின்றிருந்தான். கக்கூஸ் குழி. ஒரே வீட்டுக்கு இது மூன்றாவது.

மேட்டுப்பாறையில் மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மூன்றும் சேர்ந்து வீடில்லாத ஒருத்திக்கு வீடு கட்டிக்கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. இடம் மாதா கோயிலுடையது. செங்கல் மாரியம்மன் கோயில் கமிட்டி. சிமெண்டும் மணலும் பள்ளிவாசல் ஜமாத். கொத்து வேலை யார் என்று பேச்சு வந்தபோது பங்குத்தந்தை அந்தோணி பிரகாஷ், "அதுக்கு நம்ம ஸ்தனிஸ்லாஸ் இருக்காரு" என்றார். ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கூட்டத்தில் இல்லை.

வீடு சென்னம்மாளுக்கு. சந்தைக் கொட்டகையில் படுத்துக் கிடப்பவள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், செங்கல் சூளை முழங்காலை வாங்கிக்கொண்டது. புருசன் இல்லை. எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. வருகிற திங்கட்கிழமை பழைய கொட்டகையைப் பிரித்துப் புதுசு போடப்போவதாகப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமையே பால் காய்ச்ச வேண்டும். மழை வேறு மேற்கே கறுத்துக்கொண்டு நின்றது.

சென்னம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உள்ளாற தாப்பா போடற மாதிரி ஒரு கதவு இருந்தா போதுங்க."

மற்றபடி தினமும் வந்து, விந்தி விந்திக் கல் எடுத்துக் கொடுப்பாள். பேச மாட்டாள்.

முதலில் கக்கூஸ் வடமேற்கு மூலையில்தான் இருந்தது. கோப்பையும் பதித்தாயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் கோயில் கமிட்டிச் செயலாளர் மாதையன் உரக்கடையைப் பூட்டிவிட்டு வந்தார். எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏம்பா, இதுல உக்காந்தா மொகம் எந்தப் பக்கம் வரும்?"

"மேக்காலங்க."

"பாய்மாருங்க மேக்கால பாத்துத் தொழறவங்க. அந்தப் பக்கம் மொகமும் காட்டக்கூடாது, முதுகும் காட்டக்கூடாதுன்னு இருக்குது. அவங்க சிமெண்ட்ட வாங்கி நாம இப்படிப் பண்ணலாமா?"

"பாய் ஒண்ணும் சொல்லலியேங்க."

"சொல்ல மாட்டாங்க. நாமதான் பாத்துக்கணும்."

வடக்கு தெற்காகத் திருப்ப அங்கே இடம் போதவில்லை. கோப்பையைப் பெயர்த்தான். பாதி உடைந்தது. வடகிழக்கு மூலையில் புதிதாகக் குழி வெட்டினான்.

மறுநாள் காலையில் பியாரேஜான் பாய் வந்தார். ஜமாத்தை நடத்துகிற முத்தவல்லி, மெத்தைக் கடை வைத்திருப்பவர். வரும்போதே செல்போனைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஸ்தனிஸ்லாஸ், இது ஈசானி மூலைதான?"

"அது என்னமோங்க. வடகெழக்கு."

"அதான் ஈசானி மூலை. சாமி மூலைன்னு போட்டிருக்குது. கோயில் செங்கல்ல கொண்டாந்து சாமி மூலைல கக்கூஸ் கட்டறியே, மாதையன் மனசு என்ன பாடுபடும்?"

"அவருதான் இங்க வெட்டச் சொன்னாருங்க."

"அவரு எங்களுக்காக விட்டுக் குடுத்தாரு. அதுக்காக நாம வாங்கிக்கறதா? மாத்துப்பா."

மாற்றினான். இப்போது நிற்பது அந்த மூன்றாவது குழி. தென்மேற்கு மூலை. இடுப்பளவு வெட்டியபோது தலைக்கு மேலே வண்டிச் சத்தம் கேட்டது. மாதையனும் பாயும் ஒரே வண்டியில் வந்திருந்தார்கள். இருவரும் குழியைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்கள்.

"அந்தச் செவுத்துக்கு அந்தாண்ட என்ன?" என்றார் மாதையன்.

ஸ்தனிஸ்லாஸ் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். "மாதா செலை நிக்கற கெபிங்க."

"உனக்கே தெரியுது" என்றார் பாய்.

"உன் மதம்தானப்பா இது" என்றார் மாதையன். "உனக்கே ரோசம் வேணாமா?"

அன்று மத்தியானம் ராஜமேரி களியும் கீரைக்குழம்பும் கொண்டுவந்தாள். குழிக்குள்ளிருந்து புருசனைக் கைபிடித்துத் தூக்கினாள். முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இந்தம்மாவுக்கு எந்த மூலைல வேணும்னு கேட்டீங்களா?"

"அவங்கள எதுக்குக் கேக்கறது? அவங்க என்ன கமிட்டியா?"

சற்றுத் தள்ளிச் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்த சென்னம்மாளுக்கு அது காதில் விழுந்திருக்கும். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரோடு இந்த ஊரின் பெருமை. முன்னே அது மாட்டுவண்டி கூட ஒடித்துத் திருப்ப முடியாத சந்து. மாரியம்மன் தேர் அந்த முடக்கில் சிக்கும், மாதா சப்பரம் சிக்கும், சந்தனக்கூடும் சிக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, ஆளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, ஒரே வாரத்தில் அகலப்படுத்தினார்கள். எதிரே கல்வெட்டு நிற்கிறது. சூலம், சிலுவை, பிறை மூன்றும் ஒரே கல்லில். எந்த அதிகாரி வந்தாலும் அங்கே நிறுத்தித்தான் போட்டோ எடுப்பார்கள். அந்த ஒற்றுமைக்கு இந்த வீடு இரண்டாவது வேலை.

மிஞ்சியது தென்கிழக்கு மூலை. நான்காவது குழியை வெட்டி, சுவரை முழங்கால் உயரம் எழுப்பியபோது பங்குத்தந்தை வந்தார். சின்ன வயசு. யாரையும் நோகப் பேசத் தெரியாதவர்.

"நல்லா வந்திருக்கு ஸ்தனிஸ்லாஸ். ஒரே ஒரு விசயம். தென்கிழக்கு அக்கினி மூலை இல்லையா? அங்க அடுப்பு வரணும்னு அவங்க நம்பிக்கை. மாதையன் சார் நமக்காகக் கெபியப் பத்தி யோசிச்சிருக்காரு. நாம அவருக்காக..."

"சாமி, ஒரு வூட்டுக்கு நாலு மூலைதாங்க இருக்குது."

ஃபாதர் யோசித்தார். "மூலை இல்லாத இடமாப் பாருங்களேன்" என்றார்.

மூலை இல்லாத இடம் என்றால் வாசலை ஒட்டி, முன்சுவரின் நடுவில். தெருவில் போகிறவன் குறுக்கே பார்த்தால் முதலில் தெரிவது அதுதான். ஸ்தனிஸ்லாஸ் ஐந்தாவது குழியை வெட்டினான். உடைத்துக் கட்டி, உடைத்துக் கட்டிச் செங்கல் தீர்ந்துபோயிருந்தது. கக்கூஸ் வாசல்பக்கம் வந்து உட்கார்ந்ததில் தலைவாசல் ஒடுங்கி இரண்டரை அடி ஆயிற்று. மாதையன் ஆசையாகச் செய்து வைத்திருந்த இரும்புக் கதவு மூன்றரை அடி.

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள், வாசலைப் பார்த்தார்கள், கடைசியில் கக்கூசைப் பார்த்தார்கள்.

"வாசல்ல போய் ஏம்பா கட்டின?" என்றார் மாதையன்.

ஸ்தனிஸ்லாசுக்கு இடுப்பு வலியில் பயம் போய்விட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னான். யார் யாருக்காக எதை மாற்றச் சொன்னார் என்று வரிசையாகச் சொன்னான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கூட்லயே ஈசானி மூலைலதான் இருக்குது" என்றார் மாதையன் மெதுவாக. "எங்கப்பா காலத்துல இருந்து."

"நாங்க முன்ன இருந்த வாடகை வூட்ல மேக்கால பாத்த மாதிரிதான் வெச்சிருந்தாங்க" என்றார் பாய். "கொஞ்சம் கோணலா உக்காந்துக்குவோம்."

ஃபாதர் தொண்டையைச் செருமினார். "மாதா மாட்டுக்கொட்டாய்ல புள்ள பெத்தவங்க. அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

ஸ்தனிஸ்லாஸ் ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டான்.

பாப்பாரப்பட்டியில் கதவு செய்கிறவனுக்கு போன் போட்டார்கள். இரண்டரை அடிக் கதவுக்குப் பத்து நாள் ஆகும் என்றான். திங்கட்கிழமை கொட்டகையைப் பிரிக்கிறார்கள். கதவில்லாத வீட்டில் ஒற்றைப் பொம்பளை எப்படிப் படுப்பாள்? "ஒரு தார்ப்பாயக் கட்டிக்கலாம்" என்றார் மாதையன். சென்னம்மாள் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான்.

அந்தச் செங்கல்லை வைத்த விதம் ஸ்தனிஸ்லாசுக்குத் தாங்கவில்லை. "எங்கூட்ல ஒண்ணு இருக்குதுங்க. ரெண்டரை அடிதான். கொண்டாறேன்" என்றான்.

அது அவர்கள் வீட்டுக் குளிக்கிற மறைப்பின் கதவு. வேப்பம்பலகை. ரோடு அகலப்படுத்திய வேலைக்கு அவனும் போயிருந்தான். ஓரத்தில் ஆளில்லாத கொட்டாய் ஒன்று இருந்தது. அதைப் பிரித்த சாமான்களைக் கூலிக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். இவனுக்கு நிலையோடு கதவு. அடியில் எலி கடித்த இடத்தில் எண்ணெய் டின் தகரத்தை அடித்து ஒட்டுப் போட்டிருந்தது.

"நான் எத மறைச்சுக் குளிக்கறது?" என்றாள் ராஜமேரி.

"தார்ப்பாயி கட்டித் தர்றேன்."

"அவங்களுக்குக் கதவு, எனக்குத் தார்ப்பாயி." திட்டிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்தாள். "ஏங்க, இத அவங்களால தொறக்க முடியுமா? தொறக்கற வித்தை உங்களுக்கும் எனக்கும்தான தெரியும்?"

"மெல்லச் சொல்லிக் குடுத்துக்கலாம்."

அன்று பொழுது சாய்வதற்குள் கதவை மாட்டிவிட்டான். இரவெல்லாம் மழை பெய்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே வந்து நின்றது. கல்வெட்டுக்கு மாலை போட்டிருந்தார்கள். கேசரி வந்துவிட்டது. சென்னம்மாளுக்குப் புதுச்சேலை எடுத்திருந்தார்கள். அதை அவள் பழைய சேலைக்கு மேலேயே சுற்றியிருந்தாள்.

"பாய், நீங்க தொறங்க" என்றார் மாதையன்.

"சாமியாரு இருக்கறப்போ நானா? ஃபாதர் தொறக்கட்டும்."

"இல்ல இல்ல, பெரியவங்க மாதையன் சார்தான்."

கேசரி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து கை வைத்துத் தள்ளினார்கள். கதவு அசையவில்லை. மழையில் ஊதிப்போயிருந்தது. மாதையன் தோளைக் கொடுத்துப் பார்த்தார். பாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளினார். ஃபாதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "மூணு சாமியும் தள்ளியும் தொறக்கலடா" என்றான்.

பின்பக்கம் நின்ற ஸ்தனிஸ்லாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் வருவதற்குள் சென்னம்மாள் விந்தி விந்திப் போய்விட்டாள். மூவரும் விலகி வழிவிட்டார்கள். அவள் இடது கையால் வளையத்தைப் பிடித்துக் கதவை ஒரு விரற்கடை மேலே தூக்கினாள். நல்லாயிருந்த வலது முழங்காலால் அடியில், அந்தத் தகர ஒட்டின்மேல், ஒரே ஒரு இடி கொடுத்தாள்.

கதவு திறந்துகொண்டது.

ஸ்தனிஸ்லாஸ் ராஜமேரியைப் பார்த்தான். ராஜமேரி அவனைப் பார்த்தாள். அந்த வித்தையை அவர்கள் இன்னும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஏம்மா," என்றான். "உங்களுக்கு எப்படி..."

சென்னம்மாள் குனிந்து தகரத்தைத் தடவினாள். ஆணிகளை எண்ணுவதுபோல் இருந்தது.

"எங்கூட்டுக்காரரு செஞ்சதுங்க. அளவு தப்பாப் போட்டுட்டாரு, தூக்கி இடிச்சாத்தான் தொறக்கும். ரெண்டு பேரும் சூளைக்குப் போயிருந்தோம். ஆறு மாசங்கழிச்சுத் திரும்பி வந்தா, எங்கூட்டு மேல தேரு திரும்பிட்டிருந்துச்சு."

மாதையன் கல்வெட்டைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். பாய் கையில் செருப்பைப் பிடித்தபடியே நின்றார். ஃபாதர் தீர்த்தச் செம்பைக் கீழே வைக்க இடம் தேடினார்.

சென்னம்மாள் உள்ளே போனாள். கதவைச் சாத்துவதற்கு முன் மூன்று பேரையும், கடைசியில் ஸ்தனிஸ்லாசையும், கோபமில்லாமல் பார்த்தாள்.

"கதவு வந்துருச்சு. வூடும் வந்துருச்சு. நடுவுல பன்னெண்டு வருசம் மட்டும் பாக்கிங்க."