வெள்ளத்தை நிறுத்தும் செப்புத் தகடு

நகரியில் அந்த ஐப்பசி மாதம் நெசவாளர் தெருவில் தறிச் சத்தமே கேட்கவில்லை. யாரும் செத்துவிடவில்லை. ஜலஸ்தம்பன சுவாமிகள் ஊருக்கு வந்திருந்தார், அவ்வளவுதான்.

வெள்ளத்தைக் கண்ணாலேயே நிறுத்துபவராம். திருமலைக் காட்டில் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் தவம் செய்தவராம். மூச்சு எப்படி விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம்! இப்போது திருச்சானூரில் தங்கிக்கொண்டு, மக்கள் மேல் வைத்த கருணையால் ஊர் ஊராகச் செப்புத் தகடு விற்கிறார். தகட்டை வீட்டின் மேல் அடித்துவிட்டால் போதும். புயல் ஒதுங்கிப் போகும், மண்சுவர் மலை மாதிரி நிற்கும்.

நகரி சென்னை ராஜ்யத்தோடு சேருமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று டெல்லிக்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. சுவாமிகள் அதற்கும் வழி செய்திருந்தார். தகட்டின் ஒரு பக்கம் தமிழ் மந்திரம், மறுபக்கம் தெலுங்கு மந்திரம். எல்லை எந்தப் பக்கம் போனாலும் தகடு செல்லும். ஆனால் வருஷா வருஷம் புதுத் தகடு வாங்கவேண்டும். பழையதில் சக்தி தீர்ந்துவிடுமாம்.

சித்தூர் பஸ்ஸிலிருந்து அன்று காலை இறங்கினார் கோவர்த்தனன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். இந்த மாதம் ஒரு வீட்டையாவது பிடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். தெருமுனையில் நின்று, பாடம் பண்ணிய வசனத்தை ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுக்கு எந்த ஆபத்து வந்தாலும் எங்க கம்பெனி பணம் கொடுக்கும்!"

"ஆபத்து வரும்னு சொல்றான் பாரு, இவன் வாய்ல வசம்ப வெச்சித் தேய்க்க!" என்று சீறினார் நெசவாளி நாகபூஷணம். "அங்க சாமி, தகடு அடிச்சா ஊடு இடியவே இடியாதுன்றாரு. நீ இடிஞ்சப்புறம் வருவியா? போய்யா!"

கோவர்த்தனனுக்குச் சித்தூரில் தன் வீட்டு ஓடு ஒழுகுவது நினைவுக்கு வந்தது. நமக்கும் ஒரு தகடு வாங்கினால் என்ன? இன்ஷூரன்ஸ் விற்க வந்தவர் தகடு வாங்கக் கூட்டத்தோடு நடந்தார்.

ஆற்றங்கரைக் கோயில் மைதானத்தில் முழ உயரத்தில் இரண்டு பொம்மை வீடுகள். இரண்டும் மண் வீடுகள். சுவாமிகள் ஒன்றின் மேல் தகட்டை வைத்தார். சிஷ்யன் இரண்டின் மேலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். தகடு இல்லாத வீடு கரைந்து சேறானது. தகடு வைத்த வீடு அசையவில்லை.

"கோவிந்தா! கோவிந்தா!"

கோவர்த்தனனின் கைகள் தாமாகக் குவிந்தன. வரிசையில் நாகபூஷணத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சிஷ்யன் அடுத்த ஆட்டத்துக்காகக் கூண்டு வண்டியிலிருந்து இன்னொரு மண் வீட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

அப்போது நாகபூஷணத்தின் மனைவி பச்சையம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"யோவ், அது சுண்ணாம்பு வாங்க வெச்ச பணம். பின்சுவரு ஆத்தப் பாத்து சாஞ்சிகினு கீது. புள்ளைங்க அது கீழ படுத்துகினு இருக்குது!"

"தகடு வந்துட்டா சுவரு அதுவா நிக்கும், போடி."

"அப்பிடியா?" பச்சையம்மாள் நேராகச் சுவாமிகள் முன்னால் போய் நின்றாள். "சாமி, எனக்கு ஒரு சந்தேகம்."

"சந்தேகம் பாபம், அம்மா தல்லி."

"பாவத்த ஊட்டுக்காரர் பேர்ல எழுதிக்கோ. சக்தி தகட்டுக்கா, பொம்ம ஊட்டுக்கா?"

"தகட்டுக்குத்தான்!"

"எந்த ஊட்டு மேல வெச்சாலும் நிக்குமா?"

"நிக்கும், நிக்கும்!"

"அப்ப இந்த வாட்டி தகட்ட எடுத்து, புதுசா வெச்ச ஊட்டு மேல வெய்யி."

சுவாமிகளின் முகத்தில் சிரிப்பு வற்றியது. "முகூர்த்தம் தாட்டிப்போயிந்தி. இப்ப தகட்டத் தொட்டா கை வெந்துபோகும்!"

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. கோவர்த்தனனுக்குச் சுருக்கென்றது. ஒரு வீட்டுக்குப் பாலிசி எழுதுவதற்குள் சுவரைத் தட்டிப் பார்க்கிறோம், கூரையை அண்ணாந்து பார்க்கிறோம். இங்கே ஒன்றையும் பார்க்காமல் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறோமே!

"நான் வைக்கிறேன்" என்று முன்னால் வந்தார். தகட்டைத் தொட்டார். கை வேகவில்லை. எடுத்துப் புது வீட்டின் மேல் வைத்தார்.

பச்சையம்மாள் குடத்தைக் கவிழ்த்தாள். தகடு வைத்த வீடு கரைந்தது. தகடு சேற்றில் புதைந்தது, தமிழ்ப் பக்கம், தெலுங்குப் பக்கம் எல்லாம் சேர்த்து. தகடு இல்லாத பழைய வீடோ எத்தனை குடம் ஊற்றியும் கல்லு மாதிரி நின்றது. பச்சையம்மாள் ஓட்டாஞ்சில்லால் அதன் சுவரைச் சுரண்டினாள். மேலே பூசிய மண் உதிர்ந்தது. உள்ளே சாம்பல் நிறம்.

"சிமிட்டி!" என்று கத்தினார் நாகபூஷணம்.

சிஷ்யன் பணப்பையைப் போட்டுவிட்டு ஓடினான். சுவாமிகள் ஆற்றில் இறங்கித் தப்பப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் வழுக்கி விழுந்து, "காப்பாடண்டி!" என்று அலறினார். தூக்கிக் கரையில் போட்டவர்களும், வசூலைத் திருப்பி வாங்கிக்கொண்டவர்களும் அதே பக்தர்கள்தான்.

இப்போது கூட்டம் அப்படியே கோவர்த்தனன் பக்கம் திரும்பியது. "சார், நீதான் தெய்வம். உன் காயிதத்த எடு, கையெழுத்துப் போடறேன்" என்றார் நாகபூஷணம்.

"இருய்யா, உடனே இன்னொரு கும்பிடா?" என்றாள் பச்சையம்மாள். "சார், வெள்ளம் வந்து சுவரு உழுந்தா உங்க கம்பெனி பணம் குடுக்குமா?"

கோவர்த்தனன் வாயைத் திறந்தார். 'எந்த ஆபத்து வந்தாலும்' என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. வேலையை நினைத்தார். அந்தச் சுவருக்குக் கீழே படுக்கும் பிள்ளைகளை நினைத்தார்.

"கொடுக்காதும்மா. இது தீ விபத்துக்கு மட்டும். புயல், வெள்ளத்துக்குத் தனியா எழுதணும், கட்டணமும் ஜாஸ்தி. அப்பவும் சாய்ஞ்ச சுவருக்கு எழுதமாட்டாங்க. முதல்ல சுவரைக் கட்டுங்க."

"இத காலையிலயே சொல்றதுக்கு இன்னா?"

"யாரும் கேக்கலையேம்மா."

"இப்பக் கேட்டேன் இல்ல? சுவரு எழுப்பிட்டுச் சொல்லி அனுப்பறேன். வெள்ளத்தையும் சேத்து எழுது. என்ன வரும், என்ன வராதுன்னு வரிவரியாப் படிச்சிக் காட்டினாத்தான் கையெழுத்து."

அடுத்த வாரமே சுவர் எழுந்தது. ஆள் வந்து சொன்னதும் கோவர்த்தனன் ஓடி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், வரிவரியாகப் படித்துக் காட்டினார். பச்சையம்மாள் கேட்ட கேள்விகளில் அவருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் எழுதிக்கொண்டு போனார். அந்த மாதம் அவர் பிடித்த முதல் வீடு அது; வேலை தப்பியது.

கேள்வி கேட்டால் பாவம் என்கிறவன் காவி கட்டியிருந்தால் என்ன, கோட்டுப் போட்டிருந்தால் என்ன? வாயை மழைக்கு முன்னால் திறவுங்கள், ஐயா. மழைக்குப் பின்னால் திறந்தால் சேறுதான் உள்ளே போகும்.