மைக் மாமாவின் துப்பாக்கிப் படை

"துப்பாக்கி கேமுக்கு விமர்சனம் எழுதறேங்கறீங்க, சரி. இது அஞ்சு பேர் சேர்ந்து ஆடறது. ஏரிக்கரையில உட்கார்ந்துக்கிட்டு அஞ்சு பேருக்கு எங்கம்மா போவீங்க?"

சென்னையில் கேம் விமர்சனத்துக்கென்றே ஓர் இணையதளம் நடத்தும் ஆசிரியர் என்னிடம் போனில் இப்படிக் கேட்டார். பாவம், அவருக்கு மைக் மாமாவைத் தெரியாது. இந்த உலகத்தில் ரகசியம் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் மைக் மாமாதான்.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பத்தில், கங்கையம்மன் கோயிலுக்குப் பக்கத்து அறையில் ஓர் ஆம்ப்ளிஃபயர் உண்டு. வெளியே கம்பத்தின் உச்சியில் ஏரியைப் பார்த்தபடி ஒரு குழாய் ஸ்பீக்கர். தினமும் காலையில் யாருக்கு எந்தப் பாடு என்று அறிவிப்பது மைக் மாமாவின் வேலை. ஏரியில் இறால் விழும் இடங்களைத்தான் பாடு என்போம். குலுக்கல் போட்டு முறை வைத்திருப்பார்கள். இன்று உன் முறை என்றால் அந்த இடத்தில் உன் வலை மட்டும்தான். பக்கத்தில் இறால் துள்ளிக் குதித்தாலும் கூடப்பிறந்த தம்பிகூட அங்கே வலை வைக்க முடியாது.

இது போக, காற்று எச்சரிக்கையும் ரேஷன் கடைக்குச் சர்க்கரை வந்த செய்தியும் அவர் பொறுப்பு. மற்றதெல்லாம் அவராகச் சேர்த்துக்கொண்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். இதை நானாக யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மைக் மாமா என் மார்க்கை ஒவ்வொரு பாடமாக ஊருக்கே வாசித்தார். கணக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். மைக்கைத் தாழ்த்தவில்லை.

அடுத்த மாதம் ஆரம்பாக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காலேஜ் முடிக்காமல் கல்யாணம் வேண்டாம் என்று அடுப்படியில் அம்மாவின் காதில் கிசுகிசுத்தேன். வந்தவர்கள் பஜ்ஜியைக் கடிப்பதற்குள் ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஆரம்பாக்கத்து ஜனங்களுக்கு வணக்கம். பொண்ணு மேல படிக்கணும்னு சொல்லுது. பஸ்ஸு அஞ்சு மணிக்குக் கீது."

அடுப்படியில் நான் சொன்னது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த ஓர் அறிவிப்புக்காக அவருக்குக் கோயிலே கட்டலாம். நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து மைக்கில் என் பெயர் போய், 'நம்ம பட்டதாரி' ஆகிவிட்டேன்.

ஆசிரியர் வைத்த நிபந்தனைக்கு வருகிறேன். இரண்டு வாரத்தில் விமர்சனம் வேண்டும். அந்த கேமில் பத்து ஆட்டம் ஜெயித்தால்தான் பெரிய ஆட்டங்களுக்குக் கதவு திறக்கும். அதற்கு முன்னால் எழுதியதை அவர் போட மாட்டார். பத்து ஜெயித்து, நன்றாகவும் எழுதினால் அங்கேயே வேலை. இல்லையென்றால் எளாவூர் பக்கம் ஒரு கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் வேலை எனக்காகக் காத்திருந்தது. பி.ஏ. படித்தவள் லேபிள் ஒட்டினால் ஒரு வசதி, தலைகீழாக ஒட்ட மாட்டாள்.

கேமுக்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர். நாங்கள் 'அஞ்சாளு' என்றோம். திரையில் நம் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். மற்றதை நம் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு பழைய துறைமுகம், அதற்கு ஐந்து வாசல். நேரம் முடியும்வரை நாம் ஐந்து பேர் காக்க வேண்டும். எதிரணி ஐந்து பேர் உள்ளே புகுந்து நடுவில் உள்ள கொடியைத் தொட்டுவிட்டால் நாம் காலி. யார் எத்தனை பேரைச் சுட்டார்கள் என்று அந்த கேம் சொல்லவே சொல்லாது. அடிபட்டு விழுந்தவர் தானாக எழ முடியாது, கூட்டாளி வந்து கை கொடுத்துத் தூக்க வேண்டும். இவ்வளவு நல்ல கேமை உலகம் சீண்டாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தன் பெயர் மேலே மின்னாத இடத்தில் வந்து நிற்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அரசாங்கம் கொடுத்த என் பழைய லேப்டாப்பிலும் அது ஓடியது, போனிலும் ஓடியது. ஆட வருகிறவர்கள் குறைவு என்பதால், எதிரணி கிடைப்பதற்குள் டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம்.

நான், என் அப்பாவான நைனா, லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு காயப்போடும் தோழி செல்வி, படகு எஞ்சின் பார்க்கும் குமார் அண்ணன். நாலு பேர் தேறினோம். ஐந்தாவது ஆளுக்கு மைக் மாமாவிடம் போனேன். கேமைப் பற்றி முழுதாக விளக்கினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுலயும் மைக்கு கீதா?"

இருக்கிறது என்றதும் கேப்டன் பதவியை அவரே எடுத்துக்கொண்டார்.

படகுகள் கரைக்கு வந்த பிறகு, மத்தியானத்தில், கோயில் பக்கத்து அறையிலேயே ஆடினோம். சிக்னலும் கரண்டும் ஒன்றாக இருந்த இடம் அதுதான். முதல் ஆட்டம் முழுக்க அவர் ஹெட்செட்டை ஊதி ஊதி 'மைக் டெஸ்ட்' செய்தார். இரண்டாவது ஆட்டத்தில் ஆம்ப்ளிஃபயரை அணைக்க மறந்துவிட்டார். அவர் கேமுக்குள் சொன்னதெல்லாம் கம்பத்து உச்சியிலிருந்து ஏரி முழுக்கக் கேட்டது.

"தொட்டியாண்ட மூணு பேரு துப்பாக்கியோட வர்றானுங்க. பட்டதாரி, ஒளிஞ்சுக்கோ. அய்யோ, செல்வி செத்துட்டா."

பத்து நிமிடத்தில் செல்வியின் அம்மா கருவாட்டுக் கூடையும் கையுமாக, யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து அலறிக்கொண்டு வந்து இறங்கினார். செல்வி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"என் பொண்ணு செத்துட்டான்னு சொன்னியேய்யா?"

"பத்து செகண்டுதாங்க்கா. பட்டதாரி கை குடுத்துச்சு, எழுந்துட்டா."

கூடை மைக் மாமாவின் முதுகில் இறங்கியது. இரண்டு நாள் எங்கள் தலைமையகம் முழுக்கக் கருவாட்டு வாசனை.

ரகசியத்தில் நம்பிக்கை இல்லாத கேப்டனால் வேறொரு சங்கடமும் வந்தது. கேமில் நம் அணிக்கு மட்டும் பேச ஒரு பொத்தான், எல்லோருக்கும் கேட்கும்படி பேச ஒரு பொத்தான். அவர் எந்தப் பொத்தானை அழுத்துவார் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிரணிக்கும் வணக்கம் சொல்லி, செல்வி வடக்கு வாசலில் பீப்பாய்க்குப் பின்னால் கீறா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். நல்லவேளையாக எதிரணிக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. ஒருநாள் தெரிந்தவர்கள் வந்தார்கள். அன்று ஒரு நிமிடம்கூட நாங்கள் தாக்குப்பிடிக்கவில்லை.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். மூன்றாம் நாள் காலை, ஏரிப் பாடுகளை வாசித்து முடித்த கையோடு, மைக் மாமா இன்னொரு பட்டியலை வாசித்தார். அஞ்சாளு கேமின் ஐந்து வாசலுக்கும் இறால் கூடையில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, இன்று யாருக்கு எந்த வாசல் என்று முறை பிரித்திருந்தார். கூரை மேல் நின்று தூரத்து எதிரியைச் சுட வேண்டிய வாசல் குமார் அண்ணனுக்கு விழுந்தது. அவருக்குக் கண்ணாடி போட்டாலும் எதிரே இருப்பது எஞ்சினா ஆடா என்று சந்தேகம் வரும்.

அன்று மத்தியானம் செல்வியின் வாசலில் இரண்டு பேர் புகுந்தார்கள். அடுத்த வாசலில் நைனா நின்றிருந்தார். கூப்பிடு தூரம்கூட இல்லை, கையெட்டும் தூரம். அவர்கள் செல்வியைச் சுட்டுத் தள்ளிவிட்டு, நைனாவின் மூக்குக்கு முன்னால் நடந்துபோய்க் கொடியைத் தொட்டார்கள். நைனா துப்பாக்கியை வைத்துக்கொண்டு, வழிவிடுவதுபோல் கொஞ்சம் ஒதுங்கிக்கூட நின்றார்.

"நைனா, ஏன் சுடல?"

"அது செல்வி பாடும்மா. அதுல நான் எப்படிக் கைய வெக்கறது?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது ஏரி இல்லை, கேம் என்று மைக் மாமாவிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன். முறை என்று வைத்தால் முறைதான் என்றார். பி.ஏ.வில் படித்த அத்தனையும் தீர்ந்துபோன பிறகு, ஏரியில் பக்கத்துப் பாடு வைத்திருப்பவன் படகு கவிழ்ந்தாலும் இப்படித்தான் வேடிக்கை பார்ப்பீங்களா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். ஆளைத் தூக்கப் போகலாம், ஆனால் மீனைத் தொடக் கூடாது என்றார். அதன்படி சட்டம் திருத்தப்பட்டது. விழுந்தவரைத் தூக்க யாரும் எந்த வாசலுக்கும் ஓடலாம். சுட மட்டும் கூடாது. அன்று மாலையே அதுவும் மைக்கில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. மற்ற அணிகளில் ஐந்து பேரும் ஆளுக்கு ஆள் எதிரியைத் துரத்திக்கொண்டு ஒரே மூலைக்கு ஓடுவார்கள். எங்கள் ஆட்களோ தலையே போனாலும் வாசலை விட்டு நகர மாட்டார்கள். ஒருவர் விழுந்தால் மட்டும் நாலு பக்கத்திலிருந்தும் ஓடிவந்து தூக்கிவிட்டு, திரும்பித் தன் வாசலுக்கே ஓடுவார்கள். எதிரிகள் எங்களைச் சுட்டுச் சுட்டு ஓய்ந்துபோனார்கள். ஒன்று, மூன்று, ஆறு என்று வெற்றி ஏறியது. எங்கோ வெளிதேசத்திலிருந்து அடிக்கடி எதிரே வந்த ஓர் அணி, ஆட்டம் தொடங்கும்போதே 'மாமா' என்று தட்டச்சு செய்து வணக்கம் வைக்க ஆரம்பித்தது. மாமாவும் பதிலுக்கு அவர்களுக்கு அன்றைய காற்று நிலவரத்தைச் சொன்னார்.

கெடுவின் கடைசி நாள் எங்கள் கையில் ஒன்பது வெற்றி.

பத்தாவது வெற்றிக்கான ஆட்டம் பாதி தாண்டியிருந்தது. ஐந்து வாசலும் கெட்டியாக நின்றன. இன்னும் மூன்று நிமிடம் தள்ளினால் எனக்கு வேலை. அப்போது மைக் மாமாவின் இன்னொரு போன் அடித்தது. காற்று எச்சரிக்கை. அன்று இறால் நிறைய விழுந்ததால் நம் ஆட்கள் பாதிப் பேர் இன்னும் படகோடு ஏரியில்தான் இருந்தார்கள். மாமா என்னை ஒருதரம் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கம் போய்விட்டார்.

கேமில் அவருடைய உருவம் மட்டும் கிழக்கு வாசலில் துப்பாக்கியைப் பிடித்தபடி சும்மா நின்றது. பின்னால் அவர் குரல் எல்லாப் படகையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது. எதிரி ஒருவன் கிழக்கு வாசலுக்கு வந்தான், மாமாவைச் சுட்டான். நைனா பாய்ந்துபோய் அவரைத் தூக்கினார். செல்வி ஓடினாள். குமார் அண்ணன் கூரையிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். யாரும் சுடவில்லை. அந்த எதிரிக்கு ஆகக் கிட்டத்தில் நின்றவள் நான். குறி சரியாக இருந்தது. ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடம் போனவள், அது வெறும் விளையாட்டு என்று ஒரு மணி நேரம் வாதாடியவள். சத்தியமாகச் சொல்கிறேன், அது மாமா பாடு என்று என் விரல் அசையவில்லை. அவன் நிதானமாகப் போய்க் கொடியைத் தொட்டான்.

ஒரு மணி நேரத்தில் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் அடித்த காற்றில் இரண்டு வீட்டுக் கூரை ஏரிக்குப் போனது. கரண்டும் போனது. இன்னோர் ஆட்டத்துக்கு வழியே இல்லை. மாமா என் கண்ணில் படாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

காலையில் எழுந்து பார்த்தால், குமார் அண்ணன் ஏணியைப் பிடித்திருக்க, மைக் மாமா கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தார். ஏரியைப் பார்த்திருந்த குழாய் ஸ்பீக்கரைத் திருகித் தெற்கே திருப்பினார். இறங்கி வந்து, ஆம்ப்ளிஃபயரை ஒரு படகு பேட்டரியில் மாட்டி, ஒலியை இருக்கிற வரைக்கும் ஏற்றினார். அன்று யாருக்கு எந்தப் பாடு என்பது தெற்கே இருந்த சவுக்குத் தோப்புக்குத்தான் நன்றாகக் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மெட்ராஸ்ல கீற ஆசிரியருக்குச் சொல்லிக்கறேன். நேத்து ஆட்டம் தோத்தது என்னால. வாசல வுட்டுட்டு எழுந்து வந்தவன் நானு. நம்ம பட்டதாரி மேல ஒரு தப்பும் கெடயாது. அது ஒம்போது ஜெயிச்சுது. பத்தாவத காத்து எடுத்துனு போச்சு. பாத்து செய்யுங்கோ."

நான் அழுதேனா சிரித்தேனா என்று செல்விக்குத்தான் தெரியும். கரண்ட் வந்ததும் உட்கார்ந்து விமர்சனத்தை எழுதி முடித்தேன். ஒன்பதுதான் ஜெயித்தோம் என்று முதல் வரியிலேயே போட்டேன். பத்தாவது ஏன் போனது என்பதைக் கடைசியில் எழுதி அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து ஆசிரியர் போன் செய்தார். பத்து என்று எழுதியிருந்தால் எனக்கு எப்படித் தெரியப்போகிறது, ஏனம்மா ஒன்பது என்று எழுதினீர்கள் என்று கேட்டார்.

"எங்க ஊர்ல மைக்ல சொல்லிடுவாங்க சார்."

அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, எப்போது வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் அறை பார்த்தேன். ஒன்றில் ஃபேன் நன்றாகச் சுற்றியது, பக்கத்திலேயே பஸ் ஸ்டாப். இன்னொன்றில் இரண்டும் இல்லை, வடக்கே, எங்கள் ஊர் இருக்கும் பக்கம் பார்த்து ஒரு ஜன்னல் மட்டும் இருந்தது. ஜன்னல் இருந்த அறைக்குச் சாவி வாங்கிக்கொண்டேன்.