சம்பந்தியம்மாளைப் பச்சையாக்கிய பிளாஷ்

மசாயா,
ஞாயிறு மாலை.

அன்பும் அறிவும் நிறைந்த மருமகன் ஒக்தாவியோவுக்கு, மாமன் எவேலியோ ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை நொயெமியும் சுகம். நீ இரவல் கொடுத்த குட்டி பிளாஷும் சுகம். குழம்பிக் கிடப்பது என் தலை ஒன்றுதான்.

நம் யதீராவின் கல்யாணத்துக்குப் பேசிவைத்த போட்டோக்காரர் அன்று காலையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய் தோன்யா ஆக்சிலியாதோராவைத்தான் உனக்குத் தெரியுமே. "நல்ல படம் இல்லாட்டி, இப்படி ஒரு கல்யாணமே நடக்கலன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்" என்றுவிட்டார். ஆகவே, ஆயுள் முழுக்க பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்த நான் கேமராவைத் தூக்கினேன். பிளாஷில் ஒன்று என்று வைத்தால் முழு வெளிச்சமாம், பதினாறு என்று வைத்தால் துளி வெளிச்சமாம். எண் ஏற ஏற வெளிச்சம் இறங்குவது எந்த ஊர்க் கணக்கப்பா? மகள் கல்யாணத்தில் கஞ்சத்தனம் எதற்கென்று முழுசாக வைத்து நேரே அடித்தேன். கண் கூசிப்போன பாதிரியார், பக்கத்தில் நின்ற தோழிப்பெண்ணைப் பார்த்து, "இவரைக் கணவனாக ஏற்கிறாயா?" என்று கேட்டுவிட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உடனே உனக்குப் போன் போட்டேன். "மேல திருப்பி அடிங்க மாமா, கூரையில பட்டு மெத்துனு இறங்கும்" என்றாய். தேவாலயத்துக் கூரை எங்கே இருக்கிறது தெரியுமா? மேலே போன வெளிச்சம் போனதுதான். படத்தில் மெழுகுவர்த்திகள் மட்டும் கல்யாணம் பண்ணிக்கொண்டன.

சரி, வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரில் அடித்தேன். சுவர் பச்சை அல்லவா, அத்தனை முகமும் பச்சை! சம்பந்தியம்மாள் கேமராவை எட்டிப் பார்த்து, "மாங்கா மாதிரியே இருக்கேன் சம்பந்தி. உப்புதான் பாக்கி!" என்றார்.

"சுவத்து நிறம்தாங்க மூஞ்சில ஏறுது. வெள்ளையா எதையாவது பாருங்க" என்றாள் உன் அத்தை.

வீட்டில் வெள்ளையாக இருந்தது குளிர்பதனப் பெட்டி ஒன்றுதான். எல்லோரையும் சமையலறைக்கு விரட்டினேன். பிளாஷைக் கழற்றி, நீ கொடுத்த சுருள் வயரோடு இடது கையில் பிடித்தேன். வயர் மணப்பெண்ணின் முக்காட்டில் சிக்கி, யதீரா என் பின்னாலேயே இழுபட்டு வந்தாள். பெட்டிக் கதவைப் பார்த்து அடித்தால், வெளிச்சம் பக்கவாட்டில் பூப்போல வந்து விழுகிறது. ஏன் என்று சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. கடைசியாக உம்மென்று வந்து நின்ற சம்பந்தியம்மாள், மகன் வாழையிலையில் வெந்த நகதமால் கொழுக்கட்டையைச் சூட்டோடு விழுங்கிக் குதிப்பதைக் கண்டு சிரித்துவிட்டார். அமுக்கினேன்.

படத்தை நெடுநேரம் பார்த்தார். "அவர் போனப்புறம் நான் சிரிச்ச படம் வீட்டுல ஒண்ணுகூட இல்ல சம்பந்தி" என்றார். நான் பாட்டரி மாற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆனாலும் மருமகனே, இந்த வித்தை எனக்கு ஒத்துவராது. பிளாஷைச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பொட்டலமாக அனுப்புகிறேன். இனி இதைத் தொடமாட்டேன் என்று புனித ஹெரோனிமோ முன்னால் சத்தியமும் செய்துவிட்டேன். அவர் உனக்கு நல்ல மனைவியையும் தாழ்வான வெள்ளைக் கூரையுள்ள வீட்டையும் அருளட்டும்.

உன் மாமன்,
எவேலியோ

பி.கு.: பொட்டலம் வராது, பஸ் நிலையத்துக்கு அலையாதே. சம்பந்தியம்மாள் இப்போதுதான் வந்து போனார். தன் தங்கை பேரனின் ஞானஸ்நானத்துக்குப் படமெடுக்க நான்தான் வரவேண்டுமாம். புனிதரிடம் நான் பேசிக்கொள்கிறேன். முடிந்தால் இன்னொரு பிளாஷும் அனுப்பு. முகத்தின் மறுபக்கம் இருட்டாக விழுகிறது. அந்த இரண்டாவதை உன் அத்தை பிடித்துக்கொள்வாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.