நங்கூரத்துக்கு நான் போட்ட முடிச்சு

ஆரணியில் கடலைப் பற்றிப் பேச வேறு ஆளில்லாத ஒரே காரணத்தால் நான் கடல் நிபுணன் ஆனேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் தங்கை மாலதி, சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு ஓட்டும் சேகரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா மூன்று வருடம் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் மட்டும் மாதம் ஒரு ஞாயிறு, பஸ் மாறி மாறிப் போய்வருவேன். சேகர் என்னை ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே முகத்துவாரம் வரை போய்த் திரும்புவார். பத்துத் தடவை போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டுப் பட்டுத் தறியில் உட்கார்ந்தபடியே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். (மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.)

மாலதிக்குப் பெண் குழந்தை பிறந்ததும் அப்பா இளகினார். பேத்தியைப் பார்க்க மட்டும் வருகிறேன் என்றார். மாலதி எனக்குப் போன் செய்து அழுதாள். “அண்ணா, அப்பா அவருகிட்ட ஒரே ஒரு வார்த்த பேசிட்டா போதும்.”

அப்பா வந்தார், பேத்தியைக் கொஞ்சினார். சேகர் பக்கம் திரும்பவே இல்லை. படகில் ஏற்றிவிட்டால் பேசாமல் எங்கே போவார் என்று ஒரு யோசனை சொன்னேன். சொன்ன வாயைத் தைத்திருக்க வேண்டும்.

சேகர் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தபோது நங்கூரக் கயிறு ஓரிடத்தில் நைந்திருப்பதைப் பார்த்தேன். நிபுணன் சும்மா இருப்பேனா? அந்த இடத்தை வெட்டியெறிந்துவிட்டு, அறுந்த பட்டு இழைக்குப் போடுவதைப் போல முடிச்சுப் போட்டேன். அப்பா வாங்கிப் பார்த்தார். முடிச்சிலிருந்து இரண்டு நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. புடவையில் முடிச்சு தெரிந்தால் மானம் போய்விடும் அல்லவா? சட்டைப் பையிலிருந்த கத்தரியால் இரண்டையும் ஒட்ட நறுக்கினார். சேகரிடம் நாங்கள் சொல்லவில்லை.

படகு கிளம்பியது. “மெதுவா போவச் சொல்லு” என்றார் அப்பா என்னிடம். சேகர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். அவரிடம் சொன்னேன். “சரின்னு சொல்லுங்க மச்சான்” என்றார். அதையும் அப்பாவிடம் சொன்னேன். அரை மணி நேரம் எனக்கு இதே வேலை.

திரும்பும்போது இன்ஜின் நின்றது. யாரோ விட்ட பழைய வலை, தண்ணீருக்குள் சுழலும் இன்ஜின் விசிறியில் சுற்றி இறுக்கியிருந்தது. இன்ஜினைத் தூக்கவும் முடியவில்லை. அலை எங்களைக் கரையோரப் பாறைகளின் பக்கம் தள்ளியது. சேகர் நங்கூரத்தைப் போடச் சொன்னார், போட்டேன். கயிறு ஒரு கணம் விறைத்தது, பிறகு தொய்ந்தது. இழுத்துப் பார்த்தால் வெறும் நுனி. வழுக்குகிற நைலான் கயிற்றில், நுனியை ஒட்ட நறுக்கிய முடிச்சு உருவிக்கொண்டு போயிருந்தது.

“யாரு போட்ட முடிச்சு?” என்றார் சேகர்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வானத்தைப் பார்த்தார்.

சேகர் கத்தியோடு குதித்துப் படகுக்கு அடியில் போனார். மூச்சு வாங்க மேலே வருவதும் போவதுமாக இருந்தார். மூன்றாம் முறை போனவர் வெகுநேரம் வரவில்லை. பாறையில் ஓடும் நண்டுகள் தெரிந்தன. மாலதியிடம் என்ன சொல்வேன் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சத்தமாகவே அழுதேன்.

கை நிறைய வலையோடு தலை மேலே வந்தது. எனக்கு முந்திக்கொண்டு அப்பா குனிந்து கையை நீட்டினார்.

“மாப்ள, கையக் குடுங்க.”

ஏற்றி உட்காரவைத்து, தன் துண்டால் அவர் தலையைத் துவட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். “மாப்ள, மொதல்ல இவன கரையில எறக்கி வுடுங்க.”

நுனியை நறுக்கியது யார் என்பதை அப்பா இன்றுவரை வெளியில் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது மாதாமாதம் மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டே முகத்துவாரம் போகிறார்கள். எனக்குப் படகில் இடமில்லை, கரையில் அவர்கள் செருப்புகளுக்குக் காவல். மாலதியின் பெண்ணுக்கு நாலு வயதாகிறது. ஊரில் மற்ற பிள்ளைகளுக்குப் பெரிய மாமா, சின்ன மாமா உண்டு. அவளுக்கு நான் செருப்பு மாமா.