எலும்புக்குள் போன வேல்

அந்த வருஷம் திருப்பூரில் கை கால் ஒடியாதவன் துரதிர்ஷ்டசாலி. ஒடிந்தவனுக்கு வீரபாண்டித் தோப்பில் கரைவேல் சித்தர் இருந்தார். ஒடியாதவன் எந்தச் சாக்கில் போய்த் தரிசிப்பது?

மாட்டுவண்டி, சைக்கிள், பனியன் கம்பெனி வேன் எல்லாம் தோப்பை நோக்கியே ஓடின. சித்தர் கண்ணாடித் தம்ளரில் தீர்த்தம் ஊற்றி, குட்டி வேல் ஒன்றைப் போடுவார். குபுகுபுவென்று நுரைக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேல் மெலியும், கரையும், காணாமல் போகும்.

"முருகன் மூச்சு விடறான் பாருங்க! ஒடம்புக்குள்ளயும் இப்படித்தான். வேல் கரைஞ்சு எலும்பாயிரும். சீமை டாக்டருங்களே இப்பத்தான் இதை ஆராயறாங்க!"

முருகனின் மூச்சு எப்படி வந்தது என்றால், வேல் துத்தநாகம். தீர்த்தம் தண்ணீர் கலந்த அமிலம். சலவைப் பட்டறைகளில் ஜாடி ஜாடியாக இருக்கிற சரக்குதான். அமிலம் துத்தநாகத்தை அரிக்கும்போது வாயு கிளம்புகிறது, அதுவே நுரை. உலோகம் உப்பாக மாறித் தண்ணீரில் கலந்துவிடுகிறது. நாத்திகன் போட்டாலும் கரையும். நம் உடம்பில் அந்த அமிலம் ஓடினால் வேலுக்கு முன்னால் ஆள் கரைந்திருப்பான். இதைக் கேட்க ஒரு வாய் வேண்டுமே? எல்லா வாயும் அரோகரா சொல்லிக்கொண்டிருந்தன.

மாரக்காளின் வாயும்தான். மண்ணரையில் நாலு பின்னல் மெஷின் வைத்திருந்த அவள் கணவன் ஆறுச்சாமி, மெஷின் இறக்கும்போது சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வேனைத் தோப்புக்குத் திருப்பியவர் அவன் அண்ணன் லிங்கசாமி.

முறை இதுதான். சித்தர் தரும் வேலை ஒரு ராத்திரி வீட்டில் பூஜையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அவர் அதைக் காலில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார். அடுத்த வாரம் அவிழ்த்தால் வேல் இருக்காது. எலும்புக்குள் போய்விட்டதாம்!

ஆறுச்சாமிக்கும் போயிற்று. வலி மட்டும் போகவில்லை. பாதம் சில்லிட்டு, விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"குளுந்துச்சுன்னா முருகன் எறங்கிட்டான்னு அர்த்தம்," என்றார் சித்தர். "ஒடம்பு பெருசு. இன்னொரு வேல் வேணும்."

அன்று மாலை மாரக்காள் கணவனின் காலைத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் கீறல்கூட இல்லை. உள்ளே போன வேல் எந்த வழியாகப் போயிற்று? முதன்முதலாக அவளுக்குப் பயம் வந்தது. முருகனிடம் அல்ல, அந்த நீல விரல்களிடம்.

பக்கத்துச் சாயப் பட்டறையில் ஒரு சிட்டிகை ஊதாச் சாயப் பொடி வாங்கி வந்தாள். திருப்பூர்க்காரர்களுக்கு அந்தப் பொடியின் குணம் தெரியும். காய்ந்திருக்கும் வரை அது இருப்பதே கண்ணில் படாது. ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊரையே ஊதாவாக்கும். சித்தர் திருப்பூர்க்காரர் அல்ல. சித்தர் கொடுத்தனுப்பிய புது வேலில் பொடியை மெல்லத் தேய்த்து, காய்ந்த காகிதத்தில் மடித்து எடுத்துப் போனாள்.

மறுநாள் சித்தர் வேலை வாங்கினார், மந்திரம் முணுமுணுத்தார், கட்டினார். முடிச்சு விழுந்ததுதான் தாமதம், மாரக்காள் குனிந்து அதை அவிழ்த்தாள்.

"அம்மிணி! என்ன பண்ற?" லிங்கசாமி பதறினார்.

"பாத்தா தப்புங்களா மாமா?"

கட்டுக்குள் வேல் இல்லை.

சித்தர் அசரவில்லை. "பாத்தீங்களா! தொட்ட ஒடனே கரைஞ்சிருச்சு!"

"அரோகரா!" என்றது கூட்டம்.

"கரைஞ்சதுன்னா, உங்க கையில என்னங்க அது?" என்றாள் மாரக்காள்.

சித்தரின் வியர்த்த உள்ளங்கை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

"இது... இது வேலோட ஒளி!"

"அப்படீங்களா? இடுப்புல பூக்கறது?"

வெள்ளை வேட்டியில், இடுப்பு மடிப்பருகே, ஊதாக் கறை ஒன்று நிதானமாகப் பரவிக்கொண்டிருந்தது. லிங்கசாமி அந்த மடிப்பை இழுத்தார். கரைந்துபோன வேல் டிங் என்று கீழே விழுந்தது.

மாரக்காள் தீர்த்தத் தம்ளரை நீட்டினாள். "ஒடம்புக்குள்ளயும் இப்படித்தான்னு சொன்னீங்களே சாமி. ஒரு மடக்கு குடிங்க."

சித்தர் ஓடிய வேகத்தைப் பார்த்தால், அவர் எலும்பில் பழுதே இல்லை என்று தெரிந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், இறுகிய கட்டால் ரத்தம் ஓடாமல் செத்துப்போன இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. டாக்டர் எலும்பில் எஃகுத் தகடு வைத்து, பிறகு அதைக் கழற்ற இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார்.

"கரையற தகடு இல்லீங்களா?" என்று ஆறுச்சாமி தயங்கித் தயங்கிக் கேட்டான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "மெக்னீசியத்துல செஞ்சு பார்த்திருக்காங்க. எலும்பு கூடுறதுக்குள்ள உலோகம் கரைஞ்சிடுது. வாயு சேர்ந்து சதை வீங்குது. எலும்பு சேரச் சேரத் தகடு கரையணும், அதுதான் கணக்கு. அது இன்னும் கைக்கு வரலை."

லிங்கசாமியின் முகம் மலர்ந்தது. "அப்ப சித்தர் சொன்னதுல கொஞ்சம் நெசம் இருக்குதில்ல அம்மிணி?"

"இருக்குதுங்க மாமா. அந்தக் கொஞ்சத்தைக் காட்டித்தான் மிச்சப் பொய்யை உங்க தலையில கட்டினான். டாக்டரு தோத்ததையும் சொல்றாரு. உங்க சித்தன் என்னைக்காவது தோத்தேன்னு சொன்னானுங்களா?" கணவனின் காலில் இல்லாத இரண்டு விரல்களின் இடத்தை அவள் பார்த்தாள். "இனி எவனாவது அதிசயம் காட்டுனா, கும்புடறதுக்கு முந்திக் கட்டை அவுத்துப் பாருங்க."