ஆறு புள்ளி எட்டு பேர்

"புள்ளி எட்டு ஆளுக்கு நான் எங்கடா போறது?"

பஞ்சநதம் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். தரையில் சாக்கட்டியோடு உட்கார்ந்திருந்தான் அக்காள் மகன் இராஜாங்கம். பாபநாசத்தில் கணக்கு வாத்தியார்.

"புதுச் சட்டத்துல அஞ்சு பேர் வரைக்கும் உள்ள குடும்பத்துக்குப் பதினஞ்சு ஏக்கர் மாமா. அதுக்கு மேல தலைக்கு அஞ்சு. உங்ககிட்ட இருபத்தினாலு. ஆள் எண்ணிக்கை எக்ஸ். எக்ஸ் ஆறு புள்ளி எட்டுக்குக் குறையக் கூடாது."

"ஏழுன்னு சொல்லித் தொலையேன்!"

"ஏழுதான். ஆறுன்னா நாலு ஏக்கர் போயிடும்."

வீட்டில் இருந்ததோ மூன்று பேர்: அவர், மனைவி மங்களாம்பிகை, ஒரே மகள். மத்தியானம் தாசில்தார் வந்து தலையை எண்ணுவார். குறைந்தால் ஒன்பது ஏக்கர் உபரி. அதை எடுத்து, அவர் வயலில் நடவு நடுகிறவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள்.

நாலு பிள்ளைகள் மொத்தமாகக் கிடைத்தது காளியம்மாளிடம். அவர் வயலில் நடவு நடுகிறவள். புருஷன் இல்லை. செங்கொடி பிடித்து இவர் வாசலிலேயே கோஷம் போட்டவள்.

"ஒரு மத்தியானம்தான் காளியம்மா. கொல்லைப் பக்கமா அனுப்பி வை."

"வாசல் வழியாத்தான் வரும். கூடத்துல உக்கார வச்சு இலை போட்டுச் சோறு போடணும். முடியாதுன்னா ஆளை விடுங்க."

தெருவே வேடிக்கை பார்க்க, நாலும் வாசல் வழியாக வந்து ஊஞ்சலில் ஏறின. பஞ்சநதம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

தாசில்தார் வந்தார். எண்ணினார். "ஏழு. சரி. இதுல மூணு ஒரே உயரமா இருக்கே?"

"ஒரே பிரசவம் சார்," என்றான் இராஜாங்கம் முந்திக்கொண்டு.

"அப்படியா! அம்மாவைக் கூப்பிடுங்க."

மங்களாம்பிகை வந்தாள். காலையிலிருந்து அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் பெத்தது ஒண்ணுதான். மூணை ஒண்ணாப் பெத்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதுங்களா?"

தாசில்தார் பேனாவை மூடினார். பஞ்சநதம் அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார்.

"இவளுக்குப் பொறக்கலை சார். எனக்குப் பொறந்ததுங்க. அதுங்களோட அம்மா... செத்துப் போச்சு."

"யாரு செத்தது?" வாசலிலிருந்து குரல் வந்தது.

"நீ யாரும்மா?"

"பெத்தவ." காளியம்மாள் பஞ்சநதத்தைப் பார்த்தாள். ஊஞ்சலைப் பார்த்தாள். திரும்பி, தெருக்கோடியில் தெரிந்த வயலையும் ஒருதரம் பார்த்தாள். "எழுதிக்குங்க சார். நாலும் இவரு புள்ளைங்கதான். நல்லாப் பெரிசா எழுதுங்க."

உள்ளே ஒரு அண்டா உருண்டது. மங்களாம்பிகை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். "எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். இந்த வீட்டுல இனிமே என்ன இருக்கு?"

"மாமா, அத்தையும் பாப்பாவும் போனா எக்ஸ் அஞ்சாயிடும்," என்று காதைக் கடித்தான் இராஜாங்கம்.

பஞ்சநதம் தெருவரை ஓடிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தவரிடம் தாசில்தார் காகிதத்தை நீட்டினார். "எண்ணினது எண்ணினதுதான். நாலும் உங்க பிள்ளைங்கன்னு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். தாசில்தாரோடு வந்திருந்த ஊர்த் தலையாரி சாட்சி போட்டான். காளியம்மாள் தானும் கைநாட்டு வைப்பதாகச் சொல்லி, வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

பஞ்சநதம் ஜீப் வரை கூடவே போனார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒன்பது ஏக்கரும் தப்பிச்சுதுங்களா?"

"எந்த ஒன்பது ஏக்கர்?" தாசில்தார் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். "உங்களுக்கு நஞ்சை ஒன்பது, புஞ்சை பதினஞ்சு, புஞ்சையில ரெண்டரை ஏக்கர் சேர்ந்தாத்தான் சட்டத்துக்கு ஒரு ஏக்கர், ஆக மொத்தமே பதினஞ்சுதான் வருது, நீங்க பொண்டாட்டி பிள்ளையே இல்லாத ஒண்டி ஆளா இருந்திருந்தாலும் ஒரு பிடி மண்ணை யாரும் தொட்டிருக்க முடியாது."